சாமிக்கண்ணுவைக் கண்டால் வரும் வாந்தி

சாமிக்கண்ணுவை நெய்வேலியில் யாருக்கும் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. பிடிக்காமல் போவதற்கும் ஒரு ஆளைக் கவனித்திருக்க வேண்டுமே! கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பாயச வாளி அவருக்கு முந்தின இலையோடு தீர்ந்துபோகும். புது வாளி வரும்போது அவருக்கு அடுத்த இலையிலிருந்து ஆரம்பிக்கும். சுரங்கத்தில் அவருடைய ஃபோர்மேன் அவரைப் பாவாடை என்றுதான் கூப்பிடுவார். பாவாடை என்ற ஆள் வேலையை விட்டுப் போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் ஒருமுறை, "நான் சாமிக்கண்ணுங்க" என்று திருத்திப் பார்த்தார். "சரி பாவாடை" என்றார் ஃபோர்மேன். அதிலிருந்து அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அவருடைய அப்பா வடக்குத்து கிராமத்துப் பக்கம் ஊரார் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். சுரங்கம் தோண்ட ஆரம்பித்த புதிதில் சாமிக்கண்ணு கான்ட்ராக்டில் மண் சுமக்கப் போனார். அப்படியே ஒட்டிக்கொண்டு பெர்மனென்ட் ஆனார். கரி போகிற நீள பெல்ட்டின் ஓரத்தில் நின்று, கீழே சிந்துவதை அள்ளி மறுபடி மேலே போடுவது அவர் வேலை. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், இவர் அள்ளிக்கொண்டே இருப்பார், ஷிப்டு முடிந்ததும் உச்சி முதல் உள்ளங்கால் வரை கருப்பாக வீடு திரும்புவார். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும் அல்லவா? ஒருநாள் களைப்பில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து கைகால் கழுவி உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்களும் வெகுநேரம் அதைக் கவனிக்கவில்லை.

மனைவி செங்கமலம் நெல்லிக்குப்பத்துக்காரி. சர்க்கரை ஆலை இருக்கிற ஊரில் பிறந்தவள் என்றாலும் அந்தச் சர்க்கரையில் ஒரு துளிகூட அவள் நாக்கில் படவில்லை. கெட்டவள் என்று அர்த்தமில்லை. எந்த ஷிப்டு முடிந்து வந்தாலும் அவருக்குச் சுடுசோறு இருக்கும். ஆனால் தட்டை வைக்கும்போது தட்டைத்தான் பார்ப்பாள், அவரைப் பார்க்க மாட்டாள். பிள்ளைகள் இல்லை. பேசிக்கொள்ள விஷயமும் அதிகம் இல்லை. சாமிக்கண்ணுவுக்கு அதில் பெரிய குறை ஒன்றும் தோன்றியதில்லை, உலகமே அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

இந்த மனிதரிடம்தான் ஒரு கிளி வந்து சேர்ந்தது.

திறந்தவெளிச் சுரங்கம் நகர நகர அதன் விளிம்பில் இருந்த மரங்களை வெட்டிக்கொண்டே போவார்கள். அப்படி விழுந்த ஒரு பனைமரப் பொந்துக்குள் இருந்தது அந்தக் குஞ்சு. இறகு முளைக்காமல், கண்ணும் சரியாகத் திறக்காமல், பார்க்கச் சகிக்காத ஒரு உருண்டை. சாமிக்கண்ணு அதைத் தன் காலி டிபன் பாக்ஸில் வைத்து, மூடியைச் சாய்த்து வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வந்த அசதியில் சொல்ல மறந்துவிட்டார். பாத்திரம் கழுவ எடுத்த செங்கமலம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்சவல்லி அரிவாள்மணையோடு ஓடிவந்தாள்.

"இன்னாங்க இது? தவளையா? எலியா?"

"கிளி" என்றார் சாமிக்கண்ணு.

"இதுவா?"

சாமிக்கண்ணுதான் அதற்குத் தாயாகவும் தகப்பனாகவும் இருந்தார். பொட்டுக்கடலை மாவைத் தண்ணீரில் குழைத்து விரல்நுனியில் வைத்து ஊட்டினார். இறகு வந்தது, வால் வந்தது, மூக்குச் சிவந்தது. செங்கமலம் முருக பக்தை, அதனால் வள்ளி என்று பெயர் வைத்தாள். வள்ளி பேசக் கற்றுக்கொள்ளவில்லை. ஷிப்டுச் சங்கின் சத்தத்தை மட்டும் அச்சு அசலாகக் கற்றுக்கொண்டது. அதைக் கேட்டு அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு ஆள் அரைத் தூக்கத்தில் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட் வரை போய்விட்டுத் திட்டிக்கொண்டே திரும்பியதும் உண்டு.

வளர்ந்து சில வருஷம் ஆனதும் வள்ளியின் கழுத்தைச் சுற்றி ஒரு கருப்பு வளையம் தெரிந்தது. நெய்வேலியில் எது கெட்டாலும் காரணம் ஒன்றுதான்: கரித்தூள். பால் திரிந்தால் கரித்தூள், துணி வெளுக்காவிட்டால் கரித்தூள், மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாவிட்டால்கூட வீட்டுக்குள் கரித்தூள் வந்த நேரம்தான். எனவே செங்கமலம் கிளியைப் பிடித்து சீயக்காய் போட்டுக் கழுத்தைத் தேய்த்தாள். கிளி அவள் விரலைக் கடித்தது, வளையம் போகவில்லை. பக்கத்து வீட்டு இசக்கிமுத்து வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திருநெல்வேலிக்காரன், சுரங்கத்தில் ஃபிட்டர்.

"அண்ணாச்சி, இது ஆம்பளைக் கிளில்லா! ஆம்பளைக்குத்தான் கழுத்துல ஆரம் வரும். மதினி, அதைப் போட்டுத் தேய்க்காதியோ, தோலு உரிஞ்சிரும்."

வள்ளி ஆண் என்று தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. கூப்பிட்டுப் பழகிவிட்டதே, இனி எங்கே போய் மாற்றுவது?

இதெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மாசி மாதத்தில் அது ஆரம்பித்தது.

முதல் ஷிப்டு முடிந்து வந்த சாமிக்கண்ணு பின்கட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூண்டிலிருந்து வெளியே விட்டதும் வள்ளி வழக்கம்போல் அவர் தோளில் ஏறியது. ஏறியது சும்மா இருக்கவில்லை. கழுத்தை நீட்டியது, சுருக்கியது, மேலும் கீழும் ஆட்டியது. தொண்டையில் ஏதோ உருண்டு வருவது தெரிந்தது. பிறகு, காலையில் தின்ற வேர்க்கடலை ஒன்றை ஈரமாக, முழுசாக, அவர் சட்டைக் காலருக்குள் போட்டது.

"ஐயய்யோ, வாந்தி எடுத்துடுச்சி!" என்றாள் செங்கமலம். "போட்ட மல்லாட்டை அப்படியே வந்துடுச்சிங்க!"

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. செங்கமலத்தின் தோளில் உட்கார்ந்தால் வராது. கூண்டில் தனியாக இருந்தால் வராது. சாமிக்கண்ணு வீட்டுக்குள் கால் வைத்ததும் கிளி கண்ணை உருட்டிக்கொண்டு, கழுத்தை ஆட்டிக்கொண்டு, கொண்டைக்கடலையோ பட்டாணியோ வயிற்றில் இருந்த ஏதோ ஒன்றை எடுத்து வெளியே வைக்கும்.

செங்கமலத்துக்குச் சந்தேகமே இல்லை. "உங்க மேல ஒட்டிக்கினு வர்ற கரித்தூளுதாங்க. அந்த நாத்தம் அதுக்கு ஒத்துக்கல. வூட்டுக்குள்ள வராதீங்க, வெளியிலயே குளிச்சிட்டு வாங்க."

சாமிக்கண்ணு வெளியே குழாயடியில் நின்று குளித்தார். சீயக்காய், அரப்பு, எலுமிச்சம்பழத் தோல் என்று தேய்த்துக்கொண்டார். அப்படியும் வாந்தி நிற்காததால், மந்தாரக்குப்பம் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த மீரான் மைதீனிடம் போய், இருப்பதிலேயே வாசனையான சோப்பும் ஒரு டப்பா பவுடரும் வாங்கிவந்தார். "என்ன சாமிக்கண்ணு, வீட்டுல விசேஷமா?" என்று மீரான் மைதீன் கண்ணடித்தார். கிளிக்காக என்று சொல்ல வெட்கப்பட்டு இவர் தலையை ஆட்டிவைத்தார். மாப்பிள்ளை மாதிரி மணந்துகொண்டு வீட்டுக்குள் வந்து நின்றார். வள்ளி ஒரு நிமிஷம் அசந்துபோய்ப் பார்த்தது. பிறகு அன்றைக்குத் தின்ற அத்தனை கடலையையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேல் வைத்துவிட்டது.

விஷயம் வரிசை முழுக்கப் பரவியது. அம்சவல்லி ஒரு கிண்ணத்தில் மாங்காய்த் துண்டும் உப்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். "வள்ளிக்கு மசக்கையா இருக்கும்மா. சாயங்கால வாந்தின்னா ஆம்பளப் புள்ள."

"அது ஆம்பளைக் கிளி மதினி" என்றான் இசக்கிமுத்து.

"இருக்கட்டும். நான் முழுகாம இருந்தப்ப எங்க வூட்டுக்காரருதான் வாந்தி எடுத்துக்கினு கெடந்தாரு. நான் நல்லாத்தான் இருந்தேன்."

ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், வசம்பைச் சுட்டு உரசி மூக்கில் தடவிப் பார்த்தார்கள், மூன்று தெரு மண் எடுத்துத் திருஷ்டி சுற்றினார்கள். சுற்றியது சாமிக்கண்ணு என்பதால் சுற்றி முடிப்பதற்குள் அவர் கையிலேயே ஒரு பட்டாணி விழுந்தது.

கடைசியில் இசக்கிமுத்துதான் ஃபிட்டர் புத்தியோடு வழி சொன்னான். "மைன்ஸ்ல மெஷின் நின்னா நாம என்ன செய்யுதோம்? ஒவ்வொரு பார்ட்டா கழட்டி, எதுல ஃபால்ட்டுன்னு பாக்கோம். இங்கயும் அதே மாதிரி பாத்துருவோம். கரித்தூளான்னு தெரியணும்னா கரித்தூள் உள்ளவன், இல்லாதவன் எல்லாரையும் கிளி முன்னால நிப்பாட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை ட்ரையல் வைத்தார்கள். பின்கட்டில் கூண்டை மாட்டி, கிளிக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, கதவைத் திறந்துவிட்டார்கள். அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர், உரத் தொழிற்சாலைக்காரர் ஒருவர், கரிக்கட்டி செய்கிற பிரிவில் இருந்து ஒருவர், சுரங்கத்திலிருந்தே இரண்டு பேர், தூசியே படாத கணக்குப் பிரிவிலிருந்து கோபாலகிருஷ்ணன் என்று ஒரு வரிசை நின்றது. எல்லோரும் வேலைக்குப் போகிற உடுப்பிலேயே வர வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொருவராகக் கிளியின் முன்னால் போய் நின்று, கையை நீட்டி, "வள்ளி, வள்ளி" என்று கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாததால் ரேஷன் கடைக்குப் போகிறவர்களும் வரிசையைப் பார்த்துவிட்டு என்னவோ கொடுக்கிறார்கள் என்று பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

அனல்மின் நிலையத்துக்காரருக்குக் கிளி முதுகைக் காட்டியது. உரத் தொழிற்சாலைக்காரரின் விரலைக் கடித்தது. சுரங்கத்துக்காரர்கள் இரண்டு பேரும் கரி அப்பிய உடுப்போடு வந்து நின்றார்கள், அவர்களையும் சட்டை செய்யவில்லை. கோபாலகிருஷ்ணனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. "இந்த ஜந்துவுக்கு மரியாதை தெரியலை" என்று அவர் கோபித்துக்கொண்டு போனார்.

சாமிக்கண்ணு வந்து நின்றார். கிளி அவர் கையில் தாவி ஏறி, கழுத்தை ஆட்டி, ஒரு கொண்டைக்கடலையை அவர் உள்ளங்கை நடுவில் வைத்தது.

கூட்டம் "ஓ" என்றது.

இசக்கிமுத்து விடவில்லை. சாமிக்கண்ணுவின் கரிச்சட்டையைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு போய் நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. தன்னுடைய லுங்கியையும் பனியனையும் சாமிக்கண்ணுவுக்கு மாட்டி அனுப்பினான். இன்னொரு கடலை வந்தது. "அப்ப நாத்தம் இல்ல, மூஞ்சிதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. உடனே முகத்தை ஒரு துண்டால் மூடி அனுப்பினார்கள். கிளி துண்டின் ஓரத்தை மூக்கால் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டு, முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, மூன்றாவது கடலையைக் கக்கியது.

"ஃபால்ட்டு தெரிஞ்சு போச்சு" என்றான் இசக்கிமுத்து. பாவம், குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. "கரித்தூள் இல்ல, சட்டை இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணாச்சிதான் ஃபால்ட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். சாமிக்கண்ணுவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார், கூட்டம் கலைகிற வரைக்கும்.

அப்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் போய் நின்றார். சப்பை மூக்கு, ஒடுங்கின கன்னம், எங்கே பார்த்தாலும் இருக்கிற ஒரு முகம். அப்படி ஒன்றும் குமட்டுகிற முகமாக அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தன் முகத்தைத் தானே எப்படி எடை போடுவது? அவருக்கு உள்ளே வலித்தது. யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்பதை அவர் எப்போதோ ஜீரணித்துவிட்டார். ஆனால் சைக்கிள் சத்தம் கேட்டதும் கூண்டுக் கம்பியில் வந்து ஒட்டிக்கொண்டு, இவர் வருகிற திசையில் கழுத்தை நீட்டிப் பார்க்கிற ஒரு உயிர் இருக்கிறது என்று உள்ளூர ஒரு பெருமை வைத்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு உயிரும் தன்னைப் பார்த்தால் வாந்தி எடுக்கிறதா? அப்படியே இருந்தாலும் அதுகூடப் பெரிதில்லை. தின்றதெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தால் அந்தக் கிளி எத்தனை நாள் தாங்கும்? தன் மூஞ்சியாலேயே அது செத்துப்போகும் என்று நினைத்தபோது கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூண்டை சைக்கிளில் கட்டி மீரான் மைதீன் கடைக்கு எடுத்துப் போனார்.

"பாய், இது உங்க கிட்ட இருக்கட்டும். நான் இருக்கிற எடத்துல இது பொழைக்காது."

மீரான் மைதீனுக்கு ஏற்கெனவே அந்தக் கிளி மேல் ஒரு கண் உண்டு, கடைக்கு ஒரு களையாக இருக்கும் என்று. "நீ எப்ப வேணா வந்து பாத்துட்டுப் போப்பா" என்றார்.

"இல்லீங்க பாய். நான் வரக்கூடாது. வந்தா வாந்தி எடுக்கும்."

திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தார். பின்னால் கடையிலிருந்து ஷிப்டுச் சங்கு ஊதுவது கேட்டது. அதற்குப் பிறகு பஜார் பக்கமே போகாமல், உப்பும் புளியும்கூட வேறு கடையில் வாங்கினார். வீட்டில் செங்கமலம் கூண்டு மாட்டியிருந்த ஆணியில் துடைப்பத்தை மாட்டினாள், பிறகு எடுத்துவிட்டாள். "கடிச்சி வெச்சாலும் ஒரு சத்தமாவது இருந்துச்சி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மீரான் மைதீன் கடையில் வள்ளிக்கு ராஜ உபசாரம். பக்கத்தில் டீக்கடை. டீக்கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கிளிக்கு ஏதாவது ஊட்டிப் பார்க்க ஆசை. ஒருவர் போண்டாவைப் பிய்த்துப் போட்டார், இன்னொருவர் எண்ணெய் சொட்டுகிற வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தார், வேறொருவர் டீயில் நனைத்த வடையை நீட்டினார். கிளியும் வஞ்சகம் இல்லாமல் எல்லாவற்றையும் தின்றது. ஒரு வாரம் இப்படிப் போனது.

ஒருநாள் காலை சாமிக்கண்ணு டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டிருந்தபோது இசக்கிமுத்து வந்தான். "அண்ணாச்சி, பாய் சொல்லிவிட்டாரு. கிளி அங்கயும் வாந்தி எடுக்குதாம். நீங்க இல்லாமலே எடுக்குதாம்."

சாமிக்கண்ணுவின் சைக்கிள் சுரங்கத்துப் பாதையை விட்டுப் பஜார் பக்கம் திரும்பியது. வேலையில் சேர்ந்த நாள் முதல் அவர் ஒரு ஷிப்டுகூடத் தவறவிட்டதில்லை. அன்றைக்குத் தவறவிட்டார். ஃபோர்மேன் அதையும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கிளி கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உப்பிப் பந்தாக இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. சாமிக்கண்ணு குனிந்து பார்த்தபோது அது தலையைப் பக்கவாட்டில் பலமாக உதறியது. சளி மாதிரி ஏதோ நாலா பக்கமும் தெறித்துக் கூண்டுக் கம்பியில் ஒட்டியது, அதன் தலை இறகிலும் பிசுபிசுவென்று அப்பிக்கொண்டது. புளித்த வாடை குப்பென்று அடித்தது. அவரை அது அடையாளம்கூடக் கண்டுகொள்ளவில்லை.

"பாரு, அதே வாந்தி" என்றார் மீரான் மைதீன்.

"இல்ல பாய்." சாமிக்கண்ணுவின் குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது வேற. அது வேற."

"வாந்தியில என்னப்பா வேற?"

"எங்கிட்ட இருந்தப்ப கழுத்தை மேலயும் கீழயும் ஆட்டும் பாய், சாமி வந்த மாதிரி. இப்பிடிப் பக்கவாட்டுல உதறாது. மல்லாட்டை முழுசா வரும், நாத்தம் இருக்காது. கண்ட எடத்துல தெறிக்காது. என் கையில, இல்லாங்காட்டி காலர்ல, பாத்துப் பாத்து வெக்கும். வெச்சிட்டு என் மூஞ்சியப் பாக்கும். அப்புறம் சங்கு ஊதிக்கினு, குதிச்சிக்கினு திரியும். ஒருநாளும் சொணங்கி உக்காந்தது கெடையாது. இப்ப பாருங்க, தலையெல்லாம் பிசுக்கு. ஒக்கார்ற தெம்புகூட இல்ல." மூச்சு வாங்கியது அவருக்கு. இவ்வளவு பேச்சை அவர் ஒரே நாளில் பேசியதே இல்லை. "இதுதான் பாய் சீக்கு. அது என்னான்னு எனக்குத் தெரியல. ஆனா அது சீக்கு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பஜ்ஜி கொடுத்தவர் மெதுவாக நழுவினார்.

மாட்டு டாக்டர் ஒருவர் பஜாருக்கு வந்திருந்தார். கூப்பிட்டுக் காட்டினார்கள். கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாடா இருந்தா ஊசி போட்டிருப்பேன்" என்றார். பிறகு வாடையை முகர்ந்து பார்த்து, "எண்ணெய்ப் பலகாரம் குடுத்தீங்களா? வயிறு கெட்டுப்போச்சு. கதகதப்பா வைங்க. தண்ணிய சொட்டுச் சொட்டா விடுங்க. தானா ஏதாச்சும் தின்னு அது உள்ள தங்கிடுச்சுன்னா பொழைச்சுக்கும். இல்லைன்னா கஷ்டம்தான்" என்றார்.

வீட்டில் செங்கமலம் கூண்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியில் பழைய புடவையை மடித்துப் போட்டாள். கிளியின் தலையை ஈரத் துணியால் துடைத்து, பெட்டிக்கு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க கதவுக்கு அந்தாண்ட போங்க" என்றாள். "உங்களப் பாத்து வயித்துல இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் கக்கிடப் போவுது."

தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாமிக்கண்ணு நின்றார். ஒரு கிளிக்காக மறுநாளைக்கும் லீவு போட்டுவிட்டு நிற்கிற மனிதரைக் கிளியே பார்க்கக் கூடாது என்றால் வேறு என்ன செய்வது? செங்கமலம் பஞ்சில் தண்ணீர் நனைத்துக் கிளியின் மூக்கோரம் வைத்தாள். அது வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், முருகனை வேண்டினாள். அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. கதவுக்குப் பின்னால் சாமிக்கண்ணு அடக்க முடியாமல் ஒருமுறை இருமினார்.

கிளி ஒரு கண்ணைத் திறந்தது.

செங்கமலம் கிளியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "வாங்க" என்றாள். "வாந்தி எடுத்தா எடுக்கட்டும்."

அவர் வந்து உட்கார்ந்து விரலைத் தண்ணீரில் நனைத்து நீட்டினார். குஞ்சாக இருந்தபோது குடித்த மாதிரியே அது அவர் விரல்நுனியிலிருந்து குடித்தது. ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு. செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சனியன்" என்றாள், ரொம்ப ஆசையாக.

அன்றைக்கெல்லாம் அவர் பெட்டியை விட்டு நகரவில்லை. அடுத்த நாள் இறகு கொஞ்சம் படிந்தது. தலையை உதறுவது நின்றது. அதற்கும் அடுத்த நாள் பொழுது நன்றாக ஏறிய பிறகு, செங்கமலம் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தாள். வள்ளி தள்ளாடி வந்து அதை எடுத்தது, மெதுவாக உருட்டியது, விழுங்கியது.

"தின்னுடுச்சிங்க! தின்னுடுச்சி!" செங்கமலம் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிடித்த கையை விடவும் மறந்துவிட்டாள்.

கிளி பெட்டியின் விளிம்பில் தொற்றி ஏறியது. அங்கிருந்து சாமிக்கண்ணுவின் முழங்கையில் கால் வைத்தது. நிற்கவே பலமில்லை, ஆடி ஆடி மணிக்கட்டுக்கு வந்தது. பிறகு கழுத்தை மேலும் கீழும் ஆட்டியது. சாமிக்கண்ணுவுக்கு உயிர் போய்விட்டது. "வேணாம் வள்ளி, வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது விடவில்லை. தின்ற அந்த ஒற்றைக் கடலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தது.

"போச்சே! உள்ள போன ஒண்ணையும் கக்கிடுச்சே!" என்று செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். கடலையைப் பொறுக்கிக் கிளியின் வாயருகே நீட்டினாள். அது வாங்கிக்கொண்டது. விழுங்கவில்லை. அப்படியே திரும்பி, மறுபடியும் அவர் உள்ளங்கையில் வைத்தது. அவள் இன்னொரு முறை எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு முறையும் அவர் கையிலேயே வைத்தது. வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து அவர் வாயைப் பார்த்தது.

செங்கமலத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆலைக் கூரையில் புறா கூடு கட்டுகிற ஊரில் பிறந்தவள் அவள். எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

"ஏங்க" என்றாள் மெதுவாக. "இது வாந்தி இல்லீங்க. ஆம்பளப் புறா பொட்டைக்கு வாயில ஊட்டுமே, அது மாதிரி. நீங்க தின்னணும்னு குடுக்குதுங்க. இத்தினி நாளும் குடுத்துக்கினேதான் இருந்திருக்குது." பிறகு அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "உங்களத் தன்னோட பொண்டாட்டின்னு நெனச்சிக்கினு இருக்குதுங்க இது!"

சாமிக்கண்ணு தன் உள்ளங்கையைப் பார்த்தார். காலரில் விழுந்த வேர்க்கடலைகள், திருஷ்டி சுற்றும்போது விழுந்த பட்டாணி, ஊரே சிரிக்க வரிசையில் நின்றபோது விழுந்த கொண்டைக்கடலைகள் எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தன. எல்லாவற்றையும் தட்டிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். இரண்டு நாள் பட்டினி கிடந்து, கிடைத்த ஒரே ஒரு கடலையையும் தான் தின்னாமல் கொண்டுவந்து நிற்கிறது. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கிளி இன்னும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறக்கிற வரைக்கும் அது இறங்குவதாக இல்லை.

"ஐயோ, இன்னாங்க பண்றீங்க!" என்று கத்தினாள் செங்கமலம்.

சத்தம் கேட்டு இசக்கிமுத்து வாசலில் வந்து எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி? திரும்பவும் வாந்தியா?"

சாமிக்கண்ணு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். வாயில் கொண்டைக்கடலை இருந்தது.